ஆள் வந்த பிறகு

நான்காம் நடைபாதையில் பதினேழாவது வரிசையருகே யாரோ தரையில் வைத்திருந்த கைப்பையில் கால் தடுக்கி, அங்கயற்கண்ணி கழுத்தில் தொங்கிய லேப்டாப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. லேப்டாப் உடைந்திருக்கும், அளக்க முடியாமல் போயிற்று என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறியிருக்கலாம். பதினைந்து வருடமாக இந்தத் தட்டு அவள் கழுத்தில் தொங்குகிறது. தோளில் இரண்டு வார், வாரில் ஒரு பலகை, பலகைமேல் லேப்டாப், லேப்டாப்பில் கொம்பு மாதிரி இரண்டு ஆன்டெனா. ரயிலில் முறுக்கு விற்கிறவர்கள் இப்படித்தான் வருவார்கள், ஆனால் அவர்களைப் பார்த்தால் ஜனங்களுக்கு முகம் மலரும். இவளைப் பார்த்தால் வைஃபை போட்டவர்களுக்கு முகம் சுண்டிவிடும். 'மீட்டரம்மா வந்தாச்சு' என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது இவளுக்குத் தெரியும். தெரிந்து, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. போட்டவர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், மீட்டரம்மா நடந்து முடித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று. திருச்சிக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டிய இந்த மாநாட்டு அரங்கில் இப்போது இரண்டாயிரத்து நானூறு செவிலியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பவுடர் வாசனை, மல்லிகைப்பூ வாசனை, காலையில் சாப்பிட்ட பொங்கலின் மிளகு வாசனை, ஏசியின் குளிர். மேடையில் ஒருவர் இரவுப் பணி நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணி பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று நாற்பதுக்கு ஓட்டுப் பதிவு. பதினொன்றரைக்குள் அங்கயற்கண்ணியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாகவேண்டும்.

ஓட்டு என்றால் செவிலியர் சங்கத்தின் தலைவர் தேர்தல். போன முறைவரை வாக்குச்சீட்டு, பெட்டி, வரிசை. சாயங்காலம்வரை அந்த வரிசை நகராது. பென்னாகரத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்தவர்கள் கடைசி பஸ் போய்விடுமே என்று ஓட்டுப் போடாமலே கிளம்பிவிடுவார்கள், அதனால் தலைவர் எப்போதும் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்காரர்தான். சங்கச் செயலாளர் வசுமதி இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர். இந்த முறை செல்போனில் ஓட்டு. கழுத்து அட்டையில் ஆளுக்கொரு எண், இந்த அரங்கத்து வைஃபையில் மட்டும் திறக்கிற ஒரு பக்கம், ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வைஃபை மூச்சுத் திணறினால் 'செல்லாத தேர்தல்' என்று எழுந்து கத்துவதற்கு முன்வரிசையிலேயே நாலு பேர் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுக் காலி அரங்கை அளந்துவிட்டு இவள் சாயங்காலமே ரிப்போர்ட் அனுப்பினாள். இந்த வைஃபை ஆகாது, கூரையில் அரங்கத்துக்காரர்களின் பழைய வைஃபை இருக்கிறது, சுமார்தான், இருந்தாலும் அதற்கு மாற்றிவிடுங்கள். வசுமதி உடனே போன் செய்தார். "நீங்க சொன்னா மாத்திர்றேன் மேடம், எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா நாளைக்கு ஆளுங்க வந்து உக்காந்ததும் இன்னொரு தரம் நடந்து பாத்துருங்க. பதினொன்றரைக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதான்." நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவர். ஒரு தரம் பார்த்த எண்ணை அவ்வளவு லேசில் நம்ப மாட்டார் போலிருக்கிறது.

ஆள் வந்து உட்கார்ந்ததும். இதையேதான் அந்த லிவிங்ஸ்டனும் சொன்னான். நாகர்கோவில்காரன், முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிருக்கும், இந்த வைஃபையைப் போட்டவன். நேற்று மத்தியானம் காலி நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தான். என்னவென்று பார்த்தால் வைஃபை பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு வெள்ளைப் பெட்டியை நாற்காலிக்கு அடியில் வலைத்துணி போட்டுக் கட்டுகிறான். உலகமெல்லாம் கூரையில் மாட்டுகிற சாமானை இவன் ஆள் உட்காரும் இடத்துக்குக் கீழே மாட்டுகிறான். அறுபது நாற்காலிக்கு ஒன்று, மொத்தம் நாற்பது பெட்டி, அதுவும் ஒவ்வொன்றின் பலத்தையும் கால்வாசிக்குக் குறைத்து வைத்து. பெட்டி பலமில்லாமல் இருந்தால் யார் தலையெழுத்து என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அளந்தால் எண் எண்பத்தொன்று. இந்த எண்தான் அவளுடைய தொழிலின் உயிர்: ஒரு பெட்டியோ போனோ பேச வாயெடுக்கும்போது காற்றில் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று காட்டுவது. வைஃபைக்காரர்களின் காற்றில் மரியாதை ஜாஸ்தி. ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். நூறு நிமிடத்தில் எண்பத்தொரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை எப்போது நடப்பது? காலி அரங்கில் நாற்பது பெட்டிக்கும் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு நன்றாகக் கேட்டது, அதனால் எல்லாம் கைகட்டி நின்றன. ஐம்பதுக்கு மேல் போனால் அங்கயற்கண்ணி கையெழுத்துப் போடுவதில்லை. அதைச் சொன்னபோது அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், ஆளில்லாம பாத்தா இது இப்பிடித்தான் காட்டும். ஆளு வந்த பொறவு பாருங்க, நீங்க எப்பிடிப் பாக்கணும்னா..." என்று ஆரம்பித்தான். அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "எனக்கு அளக்கச் சொல்லித் தராதீங்க லிவிங்ஸ்டன்" என்றாள். அவன் மறுபடி நாற்காலிக்கடியில் குனிந்துகொண்டான்.

ஆள் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆள் உண்டா இந்தத் தொழிலில். கோயம்புத்தூரில் அந்த நூற்பு இயந்திரக் கண்காட்சியில் அதை யாரும் சொல்லக்கூட இல்லை, அவளேதான் நம்பினாள். காலி கூடத்தை அளந்தாள், எண் பன்னிரண்டு, மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை மூவாயிரம் பேர் உள்ளே வந்தார்கள். மேடையில் எழுபது வயது முதலாளி ஒருவர், தன் ஆலையில் ஓடுகிற இயந்திரத்தை அங்கிருந்தே படத்தில் காட்டப்போகிறேன் என்று ஆசையாக நின்றார். படம் வந்தது, அப்படியே நின்றது. அவருடைய பேரன் ஆலையிலிருந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்த நிலையில், பனைமர உயரத்துக்கு, பத்து நிமிடம் திரையில் உறைந்து நின்றான். கூட்டம் சிரித்தது. முதலாளி கோபப்படவில்லை. கீழே இறங்கி வந்து, "ஏனுங்க, நேத்து நல்லாருக்குன்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். நேத்து நல்லாருக்குன்னு சொன்னீங்களே. பாத்திரம் கழுவும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும், இப்போது நான்காம் நடைபாதையில் கைப்பை தடுக்கியபோதும் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம். காலி கூடம் எப்போதும் முகஸ்துதி பேசும். காலியாக இருக்கும்போது நன்றாக இருப்பதை நம்பாதே, காலியாக இருக்கும்போதே மோசமாக இருப்பது ஆள் வந்தால் நாறிவிடும். இரண்டு வருடமாக அந்தச் சட்டம் அவளைக் காப்பாற்றி வருகிறது, எத்தனையோ பேர் கெஞ்சியும் அவள் கையெழுத்துப் போடவில்லை, போடாத ஒவ்வொன்றுக்கும் அந்த முதலாளியின் முகம் கொஞ்சம் தள்ளிப் போனது. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இப்போது எண் அறுபத்துநாலு. ஆள் வந்தால் தொண்ணூறைத் தொடும் என்று எதிர்பார்த்தாள். குறைந்திருக்கிறது. குறைந்தால் என்ன, ஐம்பதுக்கு மேல்தான், சட்டம் சட்டம்தான் என்று ஐந்தாம் நடைபாதைக்குத் திரும்பினாள். அறுபத்தாறு. அறுபத்திரண்டு. ஆனால் குறைந்திருக்கிறதே, இது ஏன் குறைய வேண்டும், இரண்டாயிரத்து நானூறு போன் கூடுதலாக வந்த பிறகு எண் எதற்காகக் கீழே போகிறது? காலில் முள் ஏறின மாதிரி இது உறுத்திக்கொண்டே வந்தது. அப்புறம் வேறொன்று. முதலில் அவளுக்கு என்னவென்று பிடிபடவில்லை. அரங்கில் ஏதோ ஒன்று இல்லை. எப்போதும் இருக்கிற ஏதோ ஒன்று. விளக்கு இருக்கிறது, மைக் கொரகொரப்பு இருக்கிறது, தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இருபதாம் வரிசையில் ஒரு பெண் மடியில் வைத்த போனில் கைக்குழந்தை ஒன்று சோறு வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறது, இவள் உதட்டை மட்டும் அசைத்துக் கெஞ்சுகிறாள். அதற்கடுத்த வரிசையில் மூன்று பேர் தலையை ஒட்டிவைத்துப் படம் எடுத்து, எடுத்த சூட்டோடு அனுப்பிவிட்டு, வந்த பதிலைப் படித்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி புடவை பார்க்கிறாள், மெரூன் நிறத்தில் பெரிய பார்டர், விரலால் தள்ளத் தள்ள அடுத்த புடவை உடனே வந்து விழுகிறது. அப்போதுதான் தெரிந்தது. கை. ஒரு கைகூட மேலே எழவில்லை. சிக்னல் கிடைக்காத கூட்டத்தில் எங்காவது ஒரு கை போனைத் தூக்கிக் கூரைக்குக் காட்டிக்கொண்டு நிற்கும், சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி. பதினைந்து வருடத்தில் அந்தக் கை இல்லாத கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் அன்றைக்கு ஐந்நூறு கை. இங்கே எல்லாப் போனும் மடியில். யாரும் வைஃபையைப் பற்றி நினைக்கவேயில்லை.

லேப்டாப்பைப் பார்த்தாள். அறுபத்தைந்து. கூட்டத்தைப் பார்த்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கிவிட்டது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, லேப்டாப் பொய் சொல்லாது, ஆகவே கூட்டம் பொய் சொல்கிறது என்றுகூட மனம் ஓடிற்று, பிறகு வெட்கமாக இருந்தது. லிவிங்ஸ்டன் எதிரே வந்தான். காலையிலிருந்து அவனும் அரங்கைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறான். சட்டைப் பையில் டேப் சுருள், கண்ணில் தூக்கமில்லை.

"எவ்வளவு காட்டுது மேடம்?"

"அறுபத்தஞ்சு."

"நேத்து எம்பத்தொண்ணு."

"அம்பதுக்குக் கீழ வராம நான் போட மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்" என்றான். அவளுடைய பலகையையும், அது தொங்குகிற உயரத்தையும், அவள் நிற்பதையும் ஒரு தரம் பார்த்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாருங்க" என்று ஒதுங்கி வழிவிட்டான். சொல்லியிருந்தால் என்ன. சொல்லவிடாமல் நேற்று வாயடைத்தது யார். கெஞ்சினால் விரட்டலாம், சண்டைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்கலாம், இப்படி மரியாதையாக ஒதுங்கினால் ஆளை என்ன செய்வது? நாலு மாதம் இந்த வேலைக்காக அவன் அலைந்ததாக வசுமதி சொன்னார். காலி அரங்கில் நாற்காலிகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் கேன் வைத்து எதையோ சோதித்துப் பார்த்தானாம், அரங்கத்து வாட்ச்மேன் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாராம். தண்ணீர் கேன். அதை வசுமதி சிரித்துக்கொண்டே சொன்னபோது இவளும் சேர்ந்து சிரித்தாள். பதினொன்று பத்து. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாலு மாதமும் ஒரு சுவிட்சில் போய்விடும், கூரையிலிருக்கிற பழைய பெட்டிகள் உறுமிக்கொண்டு எழுந்துகொள்ளும், நாற்பது வெள்ளைப் பெட்டிகளும் நாற்காலிக்கடியில் வெறும் டிபன் பாக்ஸாகக் கிடக்கும். அவன் வேறு ஊரில் வேறு யாரிடமும் இனி இந்த மாதிரி மாட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. மீட்டரம்மாவே ஆகாது என்றுவிட்டாளாமே என்பார்கள். சொல்லாமல் விட்டு, ஓட்டுப் பதிவில் வைஃபை கழுத்தறுத்தால் வசுமதி கீழே இறங்கி வந்து கேட்பார். நேத்து ஆகாதுன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன்.

"உக்காருங்க சிஸ்டர், எவ்வளவு நேரந்தான் சுத்துவீங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு." முப்பத்தோராம் வரிசையில் ஓரத்திலிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். கழுத்து அட்டையில் 'மு. மாதம்மாள், பென்னாகரம்' என்று இருந்தது. ஐம்பது வயது, மூக்குத்தி, மடியில் பாதி தின்ற கடலைமிட்டாய். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சிஸ்டர்தான். காலையில் டீ கொண்டுவந்த ஆளையே இரண்டு பேர் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மேடை வேலைக்குப் போயிருந்ததால் அது காலி. "இல்லீங்க, வேலையிருக்கு" என்று அங்கயற்கண்ணி நகரப் பார்த்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்ததேயில்லை. அளக்கிறவள் நடக்கவேண்டும், இதுவும் ஒரு சட்டம். மாதம்மாள் விடவில்லை. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்த பிடியிலேயே இரண்டு விரல் தானாக நாடிக்குப் போயிற்று. "படபடன்னு அடிக்குது பாருங்க. பிபி இருக்கா உங்களுக்கு?" இருந்தது, போன மாதம். இல்லை, இல்லாமல் போனது. மதுரையில் பரிசோதனைக்குப் போனபோது படியேறி வந்த வேகத்தில் நூற்று அறுபது காட்டியது, அவளுக்கு உலகமே சுற்றியது, அப்பாவும் இதில்தான் போனார். அங்கே இருந்த நர்ஸ் பெண் அந்த எண்ணை எழுதவே இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "அஞ்சு நிமிசம் உக்காருங்க. கால் ரெண்டும் தரையில படட்டும். பேசாதீங்க" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து நூற்று இருபத்தாறு. "முதல்ல வந்தது?" என்று இவள் கேட்டதற்கு, "அது நீங்க மாடிப்படி ஏறினதோட பிபி" என்றாள். அதே கை, அதே கருவி, அதே ரத்தம். எண்ணும் பொய்யில்லை. எதை அளந்தது என்பதில்தான் விஷயம். அங்கயற்கண்ணி அப்போது அதை ரசித்துச் சிரித்தாள், வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள், அது தனக்குச் சொன்னது என்று அன்றைக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

பலகை கழுத்திலிருந்து தொடைக்கு இறங்கியது. அந்த நர்ஸ் பெண் சொன்ன நினைவில் இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள், வலது குதிகால் பின்னால் எதிலோ பட்டது, இளஞ்சூடாக. குனிந்து பார்க்கவில்லை, தெரிந்துவிட்டது, பெட்டி இந்த நாற்காலிக்கு அடியில்தான் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ பேசினார்கள், முன்னால் ஒரு கொண்டை, இரண்டு பக்கமும் தோள். நிற்கும்போது அரங்கம் முழுக்கத் தெரிந்தது, இப்போது ஒரு கொண்டையும் கொஞ்சம் மேடையும் மட்டும். லேப்டாப்பில் எண் ஐம்பத்தெட்டு என்றது, நாற்பத்தொன்று என்றது, முப்பது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், பேசக் கூடாது, ஐந்து நிமிடம். இருபத்தைந்து. இருபத்துமூன்றில் நின்றது. வேகத்தைப் போட்டுப் பார்த்தாள். காலி அரங்கில் வந்ததைப்போல ஆறு மடங்கு. மறுபடி போட்டாள், அதேதான். முன்பு நாற்பது பெட்டியின் குரலும் ஒரே சமயத்தில் காதில் விழுந்ததே, இப்போது பட்டியலில் நாலுதான் இருந்தது. மற்ற முப்பத்தாறும் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. இதோ இந்தக் கொண்டைக்கு அந்தப் பக்கம், அந்தத் தோளுக்கு அந்தப் பக்கம். மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் வைஃபையைக் குடித்துவிடும், இது அவள் தொழிலில் முதல் நாள் பாடம், தன் ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் கூட்டத்தை 'தடை' என்றுதான் எழுதியிருக்கிறாள். தண்ணீர் கேன். கடவுளே, தண்ணீர் கேன். அவன் ஆட்களை வைத்துச் சுவர் கட்டியிருக்கிறான். இரண்டாயிரத்து நானூறு பேரும் உட்கார்ந்ததும் அறுபது அறுபது பேராக நாற்பது அறை தானாக எழும்பிவிடுகிறது, செங்கல் இல்லாமல், சிமெண்ட் இல்லாமல், பவுடர் வாசனையோடு. ஒவ்வொரு அறைக்கும் நடுவில் கால்வாசிப் பலத்தில் ஒரு பெட்டி, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் தன் ஆட்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. இதற்காகத்தான் பலத்தைக் குறைத்தான். இதற்காகத்தான் கீழே மாட்டினான். இந்தச் சுவர் எழும்பாத நாளில் வந்து அவள் அளந்தாள், எழும்பிய பிறகு சுவருக்கு மேலே தலையை நீட்டி நின்றுகொண்டு அளந்தாள். நின்றபடி யார் போன் பார்க்கிறார்கள் இங்கே? மீட்டரம்மாவைத் தவிர. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறான். கூட்டம் என்றால் அவளுக்குப் பயம்தான், கோயம்புத்தூருக்குப் பிறகு கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. அவனும் இதே தொழிலில் இதே கூட்டங்களைத்தான் பார்த்திருப்பான், இதே மாதிரி அடி பட்டிருப்பான். பட்டுவிட்டு, வருகிற ஜனங்களையே வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்திருக்கிறான். இந்தப் பதினைந்து வருடத்தில் இவ்வளவு நல்ல வேலையை அவள் பார்த்ததில்லை. பார்த்தும் பாராமல் போக இருந்தாள். மணி பதினொன்று இருபத்தாறு, நேற்றைய ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது.

கையெழுத்துப் போட்டதை அவள் ஒருநாளும் திரும்ப எடுத்ததில்லை. 'எண் சரி, சூழ்நிலை மாறிவிட்டது' என்று எழுதலாம், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். 'கூடுதல் ஆய்வில் திருப்தியாக உள்ளது.' வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. தப்பு என்று சொன்னால் அடுத்த அரங்கில் அவள் எண்ணை யார் நம்புவார்கள். சொல்லாமல் சுற்றி வளைத்தால், எதிரணிக்காரர்கள் நாளைக்கு நேற்றைய ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டுவார்கள், பாருங்கள், ஆகாது என்று நிபுணரே எழுதியிருக்கிறார், தெரிந்தும் நடத்தினார்கள் என்பார்கள். பென்னாகரத்துக்காரி இவ்வளவு தூரம் வந்து போட்ட ஓட்டு போயிற்று. கூரை வைஃபைக்கு மாற்றச் சொல்லிவிட்டால் ஒரு வம்பும் இல்லை, அவள் பெயர் அப்படியே இருக்கும், லிவிங்ஸ்டன் ஒதுங்கி வழிவிடுவான். அவன் ஒதுங்குவான் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வசுமதி வரிசையோரமாக வந்துவிட்டார், வெள்ளைப் புடவை, கையில் நிகழ்ச்சி நிரல். பின்னாலேயே சற்றுத் தள்ளி லிவிங்ஸ்டன், தண்டனை கேட்க வந்தவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன மேடம், மாத்திடச் சொல்லட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். இதுலயே நடத்துங்க."

"நேத்து ஆகாதுன்னு எழுதியிருந்தீங்க."

"நேத்து எழுதினது தப்பு" என்றாள். சொன்ன பிறகு அது அவ்வளவு கனமாக இல்லை. "காலி அரங்கத்த அளந்துட்டு நெறஞ்ச அரங்கத்தப் பத்தி எழுதிட்டேன். இன்னைக்கும் நின்னுக்கிட்டே பாத்தேன். இப்பத்தான் உக்காந்து பாக்குறேன். அவர் போட்டது சரி. நான் அளந்ததுதான் தப்பு."

வசுமதி அவளை உற்றுப் பார்த்தார். "தப்புன்னு எழுதித் தருவீங்களா? நாளைக்குக் கேப்பாங்க."

"எழுதித் தாரேன். இதே வார்த்தை, கையெழுத்துப் போட்டு. ஆனா ஒண்ணு, ஓட்ட உக்காந்துக்கிட்டே போடச் சொல்லணும்."

"அது எப்படிம்மா? உறுதிமொழி எடுக்க எந்திரிப்போம், நின்னபடியே ஓட்டப் போட்டுட்டுத்தான் உக்காருவோம். கையத் தூக்கி ஓட்டுப் போட்ட காலத்துலேருந்து எங்க வழக்கம் அது, சீட்டு வந்தப்பவும் வரிசையில நின்னுதான் போட்டோம்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த லிவிங்ஸ்டன் சட்டென்று தலையைத் தூக்கினான். இது அவனுக்குத் தெரியாது என்று முகமே சொல்லிற்று. நாலு மாதம் தண்ணீர் கேன் வைத்துப் பார்த்தவன், நர்ஸுகள் நின்றுகொண்டு ஓட்டுப் போடுவார்கள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. எழுந்தால் பெட்டி உயரத்தில் வெறும் கால்கள்தான், சுவரெல்லாம் சந்து விழுந்துவிடும், எல்லோருக்கும் எல்லோர் குரலும் கேட்கும், அறுபத்துநாலு, எண்பத்தொன்று, அதற்கும் மேலே. அங்கயற்கண்ணி அவன் பேசுவதற்கு முன் பேசினாள். "சிஸ்டர், நீங்க பிபி எப்படிப் பாப்பீங்க? நிக்க வெச்சா பாப்பீங்க? உறுதிமொழிய நின்னே எடுங்க. முடிஞ்சதும் எல்லாரையும் உக்காரச் சொல்லி ஒரு நிமிசம் விடுங்க. அப்புறம் போன எடுக்கச் சொல்லுங்க, மடியில வெச்சே போடட்டும்." வசுமதி யோசித்தார். நிகழ்ச்சி நிரலில் பேனாவால் ஒரு கோடு போட்டு எதையோ எழுதினார். "கால் ரெண்டும் தரையில படணுமோ?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு மேடைக்குப் போனார். லிவிங்ஸ்டன் அங்கேயே நின்றான். "மேடம்" என்று ஆரம்பித்தான். "போங்க, போய் உங்க பெட்டியெல்லாம் பாருங்க" என்று அவள் சொன்னாள், சிடுசிடுப்பாகத்தான் வந்தது, வேறு குரல் அவளுக்கு வராது.

உறுதிமொழி முடிந்தது. இரண்டாயிரத்து நானூறு பேர் உட்காருகிற சத்தம் அரங்கு முழுக்க ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது, அவளுக்கு அது சுவர் எழும்புகிற சத்தமாகவே பட்டது. வசுமதி மேடையில் ஒரு நிமிடம் சும்மா நின்றார். ஓட்டுப் பதிவு ஆரம்பம் என்றார். அங்கயற்கண்ணி எண்ணைப் பார்க்கத்தான் குனிந்தாள், பிறகு தன் லேப்டாப்பும் இதே அறையின் காற்றிலிருந்துதான் பங்கு எடுக்கிறது என்று நினைவு வந்தது. மாதம்மாளின் பங்கிலிருந்து. மூடினாள். தன் வேலையிலேயே முக்கியமான ஐந்து நிமிடத்தை அவள் அளக்கவில்லை. பயம் போய்விடவில்லை, அந்த முதலாளியின் பேரன் வாயைத் திறந்தபடி எங்கோ ஓரமாக நின்றான். மேடைத் திரையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நூற்றுப்பத்து. எழுநூறு. எண் நிற்கவில்லை, தயங்கக்கூட இல்லை. மாதம்மாள் ஒவ்வொரு இலக்கமாக அட்டையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள், அழுத்திய விரலை எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தாள். "போயிருச்சு" என்றாள். "அவ்வளவுதானா சிஸ்டர்? போன தடவ அஞ்சு மணி வரைக்கும் நின்னு, போடாமயே போனேன்." ஆயிரத்து அறுநூறு. இரண்டாயிரத்து நூறு. முன்வரிசையின் அந்த நாலு பேரும்கூடத் தலைகுனிந்து மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைகூட மேலே இல்லை. இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியபோது மூன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. அங்கயற்கண்ணிக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவனிடம் போகவேண்டும், நேரில் சொல்லவேண்டும், நல்ல வேலை என்று வாயால் சொல்லவேண்டும், இதுவரை அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பலகையை நகர்த்திவிட்டு எழுந்தாள். வரிசையின் ஓரத்தில் தன் லேப்டாப்போடு மண்டியிட்டிருந்த லிவிங்ஸ்டன் அவளைப் பார்த்துப் பதறி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினான்.

"எந்திரிச்சிராதீங்க மேடம். இன்னும் எட்டுப் பேரு பாக்கி. அங்ஙன செவுத்துல ஒரு ஓட்ட விழுந்திரும்."

அவள் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு, திரையில் அந்த எட்டும் ஒவ்வொன்றாக விழுகிறவரை அசையாமல் இருந்தாள்.